கேபிள் வந்த வாரம் ஆன்டெனாவை இறக்கினோம்

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் கேபிள் வந்தது. தூர்தர்ஷனை மட்டுமே பார்த்துவந்த எனக்கு அத்தனை தமிழ் நிகழ்ச்சிகளும் கொண்டாட்டமாக இருந்தன. அந்த ஞாயிறு காலை என் கணவர், "இனிமே ஆன்டெனா எதுக்கு? வா, இறக்கிடலாம்" என்றார்.

மொட்டை மாடியில் பதினைந்தடி இரும்புக் குழாயை மூன்று பக்கமும் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தோம். இரண்டு கம்பிகளை அவர் அவிழ்த்தார். மூன்றாவது துருப்பிடித்து அசையவில்லை. "அது கெடக்கட்டும்" என்று அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றினார்.

குழாய் எங்கள் இருவர் கையையும் மீறித் தெருப் பக்கம் சாய்ந்தது. எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் அலறினாள்: "கைய விடுங்கக்கா! கரன்ட் ஒயரு!"

நான் விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. "கீழ ஆளுங்க நடக்கறாங்க" என்று பற்றிக்கொண்டே இழுபட்டார். மின்கம்பிக்கு ஒரு முழம் இருக்கும்போது குழாய் சட்டென்று நின்றது. அவிழ்க்க வராத அந்தத் துருக்கம்பிதான் இழுத்துப் பிடித்திருந்தது.

அசைத்தால் அதுவும் அறுந்துவிடுமோ என்று பயந்து, லைன்மேன் வந்து மின்சாரத்தை நிறுத்தும் வரை அவர் அப்படியே நின்றார். "ஒந்து போன் பண்ணியிருந்தா நாங்களே லைன் ஆஃப் பண்ணியிருப்போமே சார்" என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார் லைன்மேன்.

பல வருடங்கள் கழித்து டிஷ் பொருத்த வந்தவரை முதலில் கைப்பிடிச் சுவரருகே அழைத்துப்போய் மின்கம்பியைக் காட்டினேன். அதன் பிறகே பையைத் திறக்கவிட்டேன். மாடிக்கு யார் எந்த வேலையாக வந்தாலும் இன்றும் அப்படித்தான்.