துருத்தி வண்டிக்கு வந்த சூடு

என் தங்கை புருஷன் போலீஸில் மாட்டாமல் இருக்க வேண்டுமானால், அந்த எஞ்சினில் ஏதாவது ஒரு கோளாறு இருந்தே தீர வேண்டும். அந்தக் கோடை முழுக்க எனக்கு இதே நினைப்பு. சோறு இறங்கவில்லை, உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

யுத்த காலம். பாலக்கரையில் மோட்டார்ப் பட்டறை வைத்திருந்தேன். ஸ்ரீரங்கத்துக் கான்ட்ராக்டர் ஒருவர், ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து சூப்பர்சார்ஜர் வைத்த கார் வாங்கியிருந்தார். காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற சாதனம் அது. கொல்லன் துருத்தி மாதிரி வேலை செய்வதால் நாங்கள் அதைத் துருத்தி வண்டி என்றோம். மாப்பிள்ளையை அதற்கு டிரைவராகச் சேர்த்துவிட்டதே நான்தான்.

ஒருநாள் கான்ட்ராக்டர் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"பாய், காவேரிப் பாலத்து மேட்டுல மிதிச்சா எஞ்சின் டக்டக்குன்னு தட்டுது. உங்க மாப்பிள்ளை பெட்ரோலை வித்துட்டு மண்ணெண்ணெய் கலக்குறாருன்னு பேசிக்கிறாங்க. பார்த்துச் சொல்லுங்க. எஞ்சின் நல்லா இருக்குன்னா நான் நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவேன்."

கூப்பனுக்குத்தான் பெட்ரோல் அளந்து கொடுத்த காலம் அது. கலப்படம் என்றால் கேஸ்தான். மண்ணெண்ணெய் கலந்தால் எஞ்சின் தட்டும் என்பதும் உண்மைதானே!

மாப்பிள்ளையைத் தனியே இழுத்துப்போய்க் கேட்டேன். "எடுத்தீங்களா, இல்லையா? உள்ளதைச் சொல்லுங்க!"

"எடுக்கலை மச்சான்." அவ்வளவுதான். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. குற்றமில்லாதவன் கத்த வேண்டாமோ?

பாலத்துக்கு ஓட்டிப் பார்த்தேன். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கியது போலச் சத்தம். ஸ்பார்க் நேரத்தைப் பின்தள்ளினேன், தட்டியது. பிளக்கை மாற்றினேன், அப்போதும் தட்டியது. துருத்தியைக் கழற்றி மாட்டினேன், பழுதே இல்லை. ஒவ்வொன்றும் நன்றாக இருக்க இருக்க மாப்பிள்ளைக்கு ஸ்டேஷன் நெருங்கியது. நல்ல சாமானைப் பார்த்துத் திட்டிய மெக்கானிக் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெட்ரோலை மட்டும் நான் சோதிக்கவே இல்லை. பயம், வேறென்ன.

கடைசியில் எஞ்சினின் தலையை, அதாவது மேல்மூடியைத் திறந்தேன். உள்ளே அடுப்படிச் சுவர் மாதிரி கரி அப்பியிருந்தது. யா அல்லாஹ், கோளாறு கிடைத்துவிட்டது! கரி சூடேறிக் கனன்றாலும் தட்டும். உட்கார்ந்து சுரண்டினேன். அந்த நேரம் பார்த்துத் தங்கை வந்து நின்றாள்.

"அண்ணே, வெளக்கெண்ணெய் போத்தல் நிக்கவே மாட்டேங்குது. பிள்ளைக்குச் சூட்டுக் கட்டியா வருதேன்னு உச்சியில வைக்க வாங்குறேன், காணாமப் போயிடுது. பக்கத்து வீட்டுக்காரிதான் எடுக்குறா. நேத்து நல்லா கேட்டுட்டேன்."

"எனக்கு இருக்கிற தலைவலியில உன் எண்ணெய் வேறயா? போம்மா!" என்று விரட்டினேன்.

கோளாறு கரிதான் என்று கான்ட்ராக்டரிடம் சொன்னேன்; வண்டியும் அமைதியாகப் போனது. நானும் நன்றாகச் சாப்பிட்டேன். சில வாரம் கழித்து அதே புளியங்கொட்டைச் சத்தம் பட்டறை வாசலில் வந்து நின்றது. தலையைத் திறந்தால் அதே கரி. இனித் தப்ப வழியில்லை. கரியாகிற ஏதோ ஒன்று பெட்ரோலோடுதான் வருகிறது.

"டாங்கியைத் திறங்க பாய்," என்றார் கான்ட்ராக்டர். மாப்பிள்ளை தள்ளி நின்றுகொண்டிருந்தார். டாங்கியின் அடித் திருகைக் கழற்றினேன். முதலில் கொழகொழவென்று ஏதோ ஒழுகியது, பிறகுதான் பெட்ரோல்.

"பார்த்தீங்களா, மண்ணெண்ணெய்!" என்றார் கான்ட்ராக்டர்.

"மண்ணெண்ணெய் எங்கேங்க இப்படிக் கெட்டியா இருக்கும்?" என்று விரலில் தொட்டு முகர்ந்தேன். பெட்ரோல் நெடிக்கு அடியில் இன்னொரு வாசனை. தங்கை மகளைத் தூக்கினால் அவள் உச்சந்தலையில் வரும் வாசனை.

"மாப்பிள்ளை, வெளக்கெண்ணெயா ஊத்தினீங்க?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். "துருத்தி வச்ச வண்டி மச்சான், கொதியாக் கொதிக்குது. குளிர்ச்சியா இருக்கட்டுமேன்னு வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அரை ஆழாக்கு ஊத்தினேன். அப்புறம் தட்ட ஆரம்பிச்சுது. சூடு கூடிப்போச்சுன்னு நானும் அளவைக் கூட்டினேன்."

"அட மனுஷா! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"எடுத்தியா, எடுத்தியான்னுதானே எல்லாரும் கேட்டீங்க. ஊத்துனியான்னு யாரு கேட்டீங்க?"

வண்டியிலிருந்து திருடுகிறார் என்று ஊரே சொன்ன மனிதர், தன் பிள்ளை தலைக்கு வைத்த எண்ணெயை வண்டிக்குக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். கான்ட்ராக்டர் அன்று சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தார். தன் தலையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சாவியை மாப்பிள்ளை கையில் வைத்தார்.

டாங்கியைக் கழுவி, கரியைச் சுரண்டி, பாலத்து மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். சத்தமே இல்லை. திரும்பி வந்ததும் மாப்பிள்ளையின் தோளில் தட்டினேன். "போலீஸும் இல்லை, ஒண்ணும் இல்லை. வீட்டுக்குப் போங்க. எண்ணெய் எங்கே போச்சுன்னு தங்கச்சிகிட்டச் சொல்லிடுங்க."

மாப்பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது. "அதுக்குப் போலீஸே தேவலை மச்சான்."

என் தங்கையை எனக்குத் தெரியாதா? கையைத் துடைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.