அக்காவுக்கு நான் எடுத்த வசனம்

எங்கள் அக்கா பம்மலில், தோல் ஊறுகிற வாடை வீசும் தெருவில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே கர்த்தரிடம் போய்விட, கையுறை தைத்து என்னை ஆளாக்கியவர் அக்காதான். நான் ஐந்தாவதோடு நின்றவன். ஈரத்தோல் சுமந்து, பெல்ட் தைத்து, சொந்தப் பட்டறை போட்டு நிமிர்ந்தவன். இன்று என் பேரைச் சொன்னால் ஷேர் ஆட்டோக்காரர் வழி கேட்காமல் வாசலில் இறக்கிவிடுவார். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அக்கா மட்டும், "நீ சம்பாதிச்சது இல்லடா, அவரு குடுத்தது" என்பார்.

சிட்லபாக்கம் ஏரிக்கரை வீட்டில் மாமாவோடு நிம்மதியாக இருந்தபோது அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்ற ஏற்ற, இடுப்புவரை கிடந்த கூந்தல் முழுதும் கொட்டியது. அறுபது தாண்டியும் ஒரு நரை காணாத கூந்தல். இனி மருந்து ஏற்றினால் உடம்பு தாங்காது, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எத்தனையோ காரியம் சாதித்த எனக்கு, அக்காவை நிறுத்திவைக்க வழி தெரியவில்லை.

புத்தாண்டு ஆராதனையில் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டைகள் தட்டில் வரும். ஆளுக்கு ஒன்று எடுப்போம். வருஷம் முழுக்க அந்த வசனம் நமக்கு. வர முடியாதவர்களுக்கு வீட்டு ஆள் எடுப்பது வழக்கம். அக்காவுக்கு நான் எடுத்து, காலையில் கொண்டுபோனேன். ஏரிப் பனி பால்கனிக்கு ஏறியிருந்தது. அக்கா மேகத்தில் உட்கார்ந்தவர்போல இருந்தார். அட்டையில், நரைக்கிற வயதுவரைக்கும் உன்னைச் சுமப்பேன் என்று ஆண்டவர் சொல்லும் வசனம். படித்துவிட்டுச் சிரித்தார்.

"டேய், இன்னாடா எடுத்துகினு வந்த? முடியே இல்லாதவளுக்கு நரைக்கிற வசனமா?"

"குடுக்கா, பாஸ்டராண்ட வேற வாங்கியாறேன். சபைக்கு இரும்பு கேட்டு போட்டதே நானு. இல்லன்னுவாரா?"

"கேட்டு போட்டா வசனத்தையும் நீயே போடுவியா? வந்தது வந்ததுதான். கம்முனு குந்து."

மருந்து நின்று சில மாதம் ஆயிற்று. நாட்கள் கனவில் நடப்பதுபோல நகர்ந்தன. ஒரு மத்தியானம், விமானம் தாழப் பறந்த இரைச்சலையும் மீறி அக்காவின் கூச்சல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பதறி ஓடிவந்தார்கள்.

"கைய வெச்சுப் பாருடா! நரைச்சிகினு வருது!"

கோழிக்குஞ்சின் மேல் இருப்பதுபோல மெத்தென்று முளைத்திருந்தது. வெள்ளி நிறம். மாமா கண்ணாடி கொண்டுவந்தார். அக்கா அதில் தன்னைப் பார்த்துப் பார்த்து, புதுப் பாவாடை கட்டிய சிறுமிபோல் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் வசனத்தில் இருந்த அந்த ‘வரைக்கும்’ உறுத்தியது. எல்லோரும் போனபின் கேட்டேன்.

"நரைதான் வந்துட்ச்சே. இதோட இறக்கி வுட்ருவாராக்கா?"

"லூசு. தாம்பரம் ஸ்டேஷனுக்கு என்னைத் தூக்கினு போறன்னு வெய்யி. பிளாட்பாரத்துல போட்டுட்டு வந்துருவியா? ரயில்ல ஏத்தி, சீட்டு புடிச்சுக் குடுத்துட்டுதான வருவ? உனுக்கே அந்தப் புத்தி கீது. அவருக்கு இருக்காதா?"



மழைக்காலம் பிடிப்பதற்கு முன், விடிந்த வேளையில், மாமாவின் கையைப் பிடித்தபடி அக்கா கண் மூடினார். வலியில் முகம் சுளிக்கவில்லை. சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்க்கிறவர் முகம்.

தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பாத்திமா அக்காவுக்கும், ஊசி போட வந்த நர்ஸம்மாவுக்கும், ஜெபித்த சபையாருக்கும், தோள் கொடுத்த பட்டறைப் பிள்ளைகளுக்கும் குடும்பத்தின் நன்றி. இந்த வருஷம் எனக்கு மட்டும் அட்டை எடுத்தேன். வந்த வசனத்தை மாற்றித் தரும்படி நான் கேட்கவில்லை.