இல்லை என்று சொல்லும் அசம்ப்டா

கையிலிருக்கும் பேனாவால் நாற்காலியைக் காட்டுகிறார் அசம்ப்டா. "நீங்க ஜன்னல் ஓரமா உக்காருங்க. மார்ட்டின், நீ இந்தப் பக்கம். அங்க இல்ல, இங்க." மார்ட்டினுக்குக் காரணம் தெரியும். ஜன்னலோரம் இருப்பவர் அவனுடைய சித்தப்பா. வேலித் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோய் வெகு காலம் ஆகிறது. இருவருக்கும் நடுவில் காது மந்தமான ஒரு பெரியவரை உட்கார வைத்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் ஃபோனை எடுக்கிறார்.

"யாரு?" என்றுதான் கேட்பார். மறுமுனையில் ஒருவர் மூச்சை இழுத்தால் போதும். "என்ன ஜோசி, மறுபடியும் காதா? வெங்காயச் சாறு ஊத்தினியா? ஊத்தாதன்னு சொன்னேன்ல."

ட்ரம்கில்லன் என்ற இந்தச் சிற்றூரில் ஒரே ஒரு கிளினிக். அதன் முன்னறை முப்பது வருடமாக அசம்ப்டா கில்செனனின் ஆளுகையில் இருக்கிறது. பழைய டாக்டர் காலமாகி இப்போது டாக்டர் ஃபேஹி வந்திருக்கிறார். அசம்ப்டாவின் மகளாக இருக்கக்கூடிய வயது அவருக்கு. டாக்டர் மாறினாலும் அசம்ப்டாவின் பாசிப்பச்சைக் கம்பளிச் சட்டை மாறவில்லை. அதன் பையில் எப்போதும் பெப்பர்மின்ட் இருக்கும். ஊசி போட்டுக்கொண்ட குழந்தைக்குக் கிடையாது. பக்கத்தில் நின்று அழாமல் தாக்குப்பிடித்த அம்மாவுக்குத்தான்.

நான் அடுத்த கட்டிடத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டாக்டரின் கையெழுத்து புரியாதபோதெல்லாம் கிளினிக்குக்குள் நுழைந்துவிடுவேன், அதாவது தினமும். ராஸ்காமன் மாவட்டத்திலிருந்து இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இன்னமும் நான் இவர்களுக்கு "அந்த ராஸ்காமன் ஆளு"தான். அசம்ப்டா மட்டும் தம்பி என்பார்.

நான் வந்த காலத்தில் இந்த ஊரில் இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் நடுத்தெருவில் நின்றுவிடும். இரண்டு பேரும் கண்ணாடியை இறக்கி மாட்டு விலை, மழை, யாருக்கு இடுப்பு ஆபரேஷன் என்று பேசி முடித்த பிறகுதான் கிளம்புவார்கள். பின்னால் வருகிறவர் காத்திருப்பார், அல்லது இறங்கி வந்து பேச்சில் கலந்துகொள்வார். நெடுஞ்சாலை வந்தது. டப்ளின் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது. அங்கே வீடு வாங்க வக்கில்லாதவர்கள் எல்லாரும் இங்கே வந்தார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடலில் தகரக் கொட்டகை போட்டு வகுப்பு நடத்துகிறார்கள். தெருவில் யாராவது காரை நிறுத்திப் பேசினால் பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறது. ஆனால் இந்நாட்டுக் கால்பந்துக்கு வேண்டிய பதினைந்து பேர் சேராமல் கலைந்துபோயிருந்த குழுவுக்கு இப்போது ஆள் அதிகம். என் கடை கொழிப்பதும் வந்தவர்களால்தான். அதைச் சொல்லாமல் மறைக்க முடியாது.

வந்தவர்களில் பாதிப்பேர் இருப்பது லார்ச் குரோவ், அதாவது லார்ச் மரத்தோப்பு, என்ற புதுக் குடியிருப்பில். லார்ச் மரமும் கிடையாது, தோப்பும் கிடையாது. அசம்ப்டாவின் அண்ணன் கிறிஸ்டி மாடு மேய்த்த மேட்டு நிலம் அது. கல்யாணமே செய்துகொள்ளாதவர், முழங்கால் போய்விட்டது, விற்றுவிட்டார். வீட்டையும் மாட்டுக் கொட்டகையையும் நாலைந்து கன்றுகளையும் வைத்துக்கொண்டார். கார்கள் பெருகப் பெருக ஊரின் கோபம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது. "வாய்யா, டப்ளினுக்குக் கதவைத் திறந்து விட்டவரே" என்பார்கள் மதுக்கடையில். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அவர் மதுக்கடைக்குப் போவதை விட்டுவிட்டார். அதையும் ஊர் கவனித்தது.

ஒரு டாக்டரால் இத்தனை பேரைத்தான் பார்க்க முடியும் என்று ஓர் அளவு இருக்கிறது. அது எப்போதோ நிரம்பிவிட்டது. அதன்பின் அசம்ப்டாவின் வேலை வேறாகிவிட்டது. நாள் முழுக்க ஃபோனில் ஒரே பதில். "இல்லம்மா, புதுசா யாரையும் சேக்கறதில்ல." "இல்லங்க, குழந்தையா இருந்தாலும்தான்." "இல்ல சார், கத்தினாலும் அதே பதில்தான்." முதலில் காத்திருப்போர் பெயர்களை எழுதி வைத்தார்கள். அது நீண்டுகொண்டே போனதும், வீணாக ஆசை காட்ட வேண்டாம் என்று டாக்டர் நிறுத்திவிட்டார். யாராவது இறந்தால், அல்லது ஊரை விட்டுப் போனால், ஓர் இடம் காலியாகும். அன்றைக்கு யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு. ஊரை விட்டு யாரும் போவதில்லை.

அப்படியும் சேர்ந்துவிட்ட புதியவர்கள் சிலர் உண்டு. போலந்து, நைஜீரியா, பிரேசில் என்று அவர்களுடைய பெயர்கள் அசம்ப்டாவின் நாக்குக்குப் பழக்கமில்லாதவை. காலையில் வந்ததும் அன்றைய கடினமான பெயர்களை மணிக்கட்டின் உட்புறம் பேனாவால் எழுதிக்கொண்டு, வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். "பேரைத் தப்பாக் கூப்பிட்டா, உடம்பு சரியில்லாதவங்களுக்கு இன்னும் மோசமாயிடும் தம்பி. எங்கம்மா எனக்கு வச்ச பழங்காலத்துப் பேரையே டப்ளின்ல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. எனக்குத் தெரியாதா?"

வின்னி கின்செல்லா லார்ச் குரோவுக்கு மகளோடு வந்தவர். டப்ளினில் பிறந்து, டப்ளினிலேயே வயதானவர். மகள் விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டிய பின் வருவாள். நெஞ்சில் சளிக்கட்டு, இருமினால் என் கடைக்கே கேட்கும். மருந்துச் சீட்டு வாங்க டப்ளினிலிருக்கும் பழைய டாக்டரிடம் பஸ் ஏறிப் போய் வருவார். முதல் தடவை கிளினிக்குக்கு வந்து விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மறுநாள் காலை மறுபடி வந்தார். தொப்பியைக் கழற்றி, கண்ணாடித் தடுப்பின் துளையருகே குனிந்து, அறை முழுக்கக் கேட்கும்படி,

"இன்னிக்கு யாராவது போய்ச் சேந்தாங்களாம்மா?"

அசம்ப்டா கண்ணை எடுக்காமல் பார்த்தார். "எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்க. நாளைக்கு வாங்க."

அதிலிருந்து தினமும் அதே கேள்வி. பதில் மட்டும் நாளுக்கொன்று. "கேஃப்னி வீட்டுத் தாத்தா நேத்து ஏணி போட்டுக் கூரைமேல ஏறிட்டார். நம்பிக்கைய விட்டுடுங்க." இன்னொரு நாள், "ஒருத்தருக்கு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. காலையில எழுந்து முட்டை கேக்கறாராம்." எண்பதைத் தாண்டிய பெர்னி டஃபிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "கேக்கும்போது என்னைய ஏன்யா பாக்கறீரு?" என்பார். "உங்க பக்கத்துல காலண்டர் இருக்கும்மா, அதைப் பாத்தேன்" என்பார் வின்னி. பிறகு கதவோர நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து குளிர்காய்ந்துவிட்டுப் போவார். நோயாளி அல்லாதவர் அங்கே உட்காரக்கூடாது. அசம்ப்டா அதைக் காணாதது போல இருப்பார்.

அந்த நாட்களில் அசம்ப்டா சிரிப்பதை நாளில் ஒரு தடவைதான் பார்க்க முடிந்தது. அது அப்போதுதான்.

அண்ணனிடம் சிரிப்பதில்லை. நான் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு நாள் வெடித்துவிட்டார். யாரோ ஓர் இளம் தாய் கைக்குழந்தையோடு வந்து, இல்லை என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து கிறிஸ்டி ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு வந்தார். "நீ வித்துட்டுப் போயிட்ட அண்ணே. இல்ல இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றது யாரு? நானு. உன் நிலத்துல குடியிருக்கறவங்கள நான் விரட்டறேன்." கிறிஸ்டி தலையாட்டினார். அதற்குப் பிறகு மாத்திரைக்கு நேரே என் கடைக்கு வந்துவிடுவார். "தங்கச்சி நல்லா இருக்காளா?" என்று என்னிடம் கேட்பார். ஒரே சுவர்தான் நடுவில்.

பிப்ரவரியில் ஒரு பிற்பகல், கன்றுகளுக்குத் தீவனம் வைக்கும்போது கிறிஸ்டி கொட்டகையிலேயே விழுந்து இறந்துபோனார். பக்கத்துப் பண்ணைக்காரர் கிளினிக்குக்கு ஃபோன் செய்தார். அசம்ப்டா "யாரு?" என்று கேட்டு, கேட்டுக்கொண்டே இருந்து, "சரி" என்று மட்டும் சொல்லி வைத்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்க்காமல் சாலையைக் கடந்தார். கார்கள் வரிசையாக நின்றன. ஒன்றும் ஹாரன் அடிக்கவில்லை.

உடலை வீட்டில் வைத்திருந்தார்கள். ஊர் முழுக்க வந்தது, மதுக்கடையில் கேலி செய்தவர்கள் உட்பட. வாசலைத் தாண்டி முற்றம் வரை வரிசை. அசம்ப்டா பெட்டியின் தலைமாட்டில் நின்று ஒவ்வொரு கையாகப் பற்றிக்கொண்டிருந்தார். வரிசையில் வின்னி. நல்ல சட்டை போட்டு, முடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். எனக்குப் பின்னால் பெர்னி டஃபி, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "உடம்பு சூடு ஆறல. அதுக்குள்ள எடம் புடிக்க வந்துட்டாரு பாரு."

அது அசம்ப்டா காதில் விழுந்தது. வின்னி காதிலும் விழுந்திருக்க வேண்டும். அவர் முறை வந்தபோது அசம்ப்டாவின் முகம் இறுகியிருந்தது. "உங்க துக்கத்துல நானும் இருக்கேம்மா" என்று கையைப் பற்றினார் வின்னி. பெட்டிக்குள் இருந்தவரைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். டீ குடிக்காமல், மழையில் இறங்கி நடந்து போய்விட்டார்.

அடக்கம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை அசம்ப்டா வேலைக்கு வந்தார். இறந்தவரின் பெயரைக் கணினியிலிருந்து எடுப்பது அவருடைய வேலை. "நீங்க விடுங்க அக்கா, நான் செய்யறேன்" என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். "மத்தவங்க அண்ணனையெல்லாம் நான்தானே எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து எடுத்தாராம்.

அன்றும் மழை. நான் ஒரு மருந்துச் சீட்டோடு தடுப்பின் அருகே நின்றிருந்தேன். வின்னி உள்ளே வந்தார். துளையருகே வரவில்லை. கதவோர நாற்காலியில் உட்கார்ந்து, நனைந்த தொப்பியை இரண்டு கையாலும் திருகிக்கொண்டிருந்தார். இருமல் மட்டும் வந்தது. அறையில் இருந்த எல்லோரும் கேள்விக்காகக் காத்திருந்தது போலத் தோன்றியது. பெர்னி டஃபியும் இருந்தார்.

ஃபோன் அடித்தது. அசம்ப்டா எடுக்கவில்லை.

"வின்னி ஐயா."

"சொல்லும்மா."

"கேக்க வேண்டியதக் கேளுங்க."

"இன்னிக்கு வேணாம்மா."

"இது அடிக்குது பாருங்க. நான் எடுத்து, அவங்க கேட்டுட்டா, அவங்களுக்குத்தான் குடுப்பேன்."

"அவங்களுக்கே போகட்டும். கிறிஸ்டி இருந்த இடம் எனக்கு வேணாம்."

கிறிஸ்டி என்று அவர் உரிமையோடு சொன்ன விதத்தில் அசம்ப்டா எழுந்து நின்றுவிட்டார். "எங்கண்ணன உங்களுக்குத் தெரியுமா?"

"தினம் சாயங்காலம் எங்க தெருவுக்கு வருவாரும்மா. அங்க இருக்கற புல்தரைகிட்ட நின்னு வீடுங்களப் பாத்துக்கிட்டே இருப்பாரு. மொதல்ல வீடு திருட வந்தவர்னு நெனச்சேன். அப்புறம் டீ கொண்டுபோய்க் குடுத்தேன். ஒரு நாள், 'தப்புப் பண்ணிட்டேனா வின்னி'ன்னு கேட்டாரு. என் சமையல்கட்டு ஜன்னல்ல சாயங்கால வெயில் விழுது, டப்ளின்ல நாப்பது வருஷம் எதிர்ச் சுவரத்தான் பாத்தேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் தினம் உள்ள வந்து, வெயில் விழுதான்னு பாத்துட்டுத்தான் போவாரு."

ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. வின்னி இருமி முடித்துவிட்டுச் சொன்னார்:

"தினம் இங்க வந்து கேக்கச் சொன்னதே அவருதாம்மா. எடம் கெடைக்கும்னு இல்ல. 'என் தங்கச்சி நாள் பூரா இல்ல இல்லன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கவே மறந்துட்டா. நான் போனா மூஞ்சியத் திருப்பிக்குவா. நீ போயி ஏடாகூடமா எதையாச்சும் கேளு'ன்னாரு. சாயங்காலம் வந்து, என்ன சொன்னா, சிரிச்சாளான்னு கேப்பாரு. நீங்க சொன்ன பதில வார்த்தை மாறாம சொல்லணும் அவருக்கு."

பெர்னி டஃபி கைப்பையைத் திறந்து, உள்ளே எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார். அசம்ப்டா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஃபோன் அடித்து ஓய்ந்தது. கூப்பிட்டது யார் என்று தெரியவில்லை. கைக்குழந்தையோடு ஒருத்தி கூப்பிட்டிருக்கலாம். இடம் கொடுக்கும் விதியை இம்மி பிசகாமல் காத்தவர், அந்த ஒரு முறை காக்கவில்லை.

உட்கார்ந்து கணினியைத் தன் பக்கம் இழுத்தார்.

"முழுப் பேரு?"

வின்னி தொப்பியையே திருகிக்கொண்டிருந்தார்.

"பேரு கேட்டேன்."

"வின்சென்ட் ஜெரார்ட் கின்செல்லா."

"எங்க வலி?"

"எல்லா எடத்துலயும்மா."

"ஒண்ணு சொல்லுங்க. டாக்டருக்கு நேரமில்ல."

"நெஞ்சு."

தட்டச்சு செய்து முடித்தார். பிறகு பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, வின்னியின் கையிலிருந்து தொப்பியை வாங்கினார். உள்ளே கொண்டுபோய், தன் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த ஹீட்டரின் மேல், ஓரம் சுருங்காதபடி இழுத்து இழுத்து விட்டுக் காயப் போட்டார்.