மறந்துபோன கிளினிக் நாள்

களைப்போடு இதை வாசிக்கிற சகோதரிகளுக்குத்தான் சொல்கிறேன். போன வருடம் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் போடும்போது மகள் தலையை ஆட்டினாள். மயிரைப் பிடித்து ஒரே இழுவை இழுத்தேன். அவளுக்கு ஒன்பது வயது. அடுத்த நாளிலிருந்து சீப்பையும் ரிபனையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்விட்டாள்.

எனக்குத் தொட்டதற்கெல்லாம் கோபம். அடுப்பில் உலையை வைத்துவிட்டு மறப்பேன். ஒரு வாளி தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கும். நித்திரை கொண்டு எழும்பினாலும் அலுப்பு. யாரும் பார்க்காதபோது அரிசியைப் பச்சையாய் அள்ளிச் சப்புவேன். வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இது பாவம் என்றே முடிவு கட்டினேன். ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் குருவானவரிடம் அதே கோபத்தைத்தான் சொன்னேன். தவக்காலத்தில் மீன் சாப்பிடுவதை விட்டேன். ஊரெல்லாம் ஈஸ்டரோடு ஒறுத்தலை முடித்தது, நான் முடிக்கவில்லை. குருநகரில், கடற்றொழில் வீட்டில், என் மனுசன் கொண்டுவந்த மீனைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு நான் சம்பலும் தேத்தண்ணீருமாய் இருந்தேன். கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. "மாதாவே, என்ரை பிள்ளை என்னட்டை வரவேணும்" என்று அழுதேன். வேறு செபம் எனக்கு வரவில்லை.

என் கைக்குழந்தை சின்னவனுக்கு நிறை பார்க்கும் கிளினிக் நாளையும் மறந்துவிட்டேன். அதனால் எங்கள் பகுதி மருத்துவிச்சி, மிட்வைஃப் மிஸ், வீடு தேடி வந்தார். ஏச்சு வாங்கத் தயாராய் நின்றேன். அவர் என் கையில் ஒளிக்க மறந்த அரிசியைப் பார்த்தார்.

"உதைச் சப்புறனீங்களோ?"

"ஓம் மிஸ்." எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் கீழ் இமையை விலத்திப் பார்த்தார். "இரும்புச்சத்துக் குறைஞ்சால் உப்பிடித்தான் பிள்ளை. கோவமும் வரும், மறதியும் வரும். நாளைக்கே டொக்டரிட்டைப் போய் ரத்தம் சோதியுங்கோ."

சோதித்தார்கள். அதுதான். குளிசை தந்தார்கள். பழக்கதோஷத்தில் தேத்தண்ணீரோடு விழுங்கி, அது இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது என்று மிஸ்ஸிடம் ஏச்சும் வாங்கினேன். பிறகு புளிக்கிற தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தேன். மீனும் சாப்பிட்டேன். மாதக் கணக்கில் பொறுக்க வேண்டியிருந்தது. இன்றும் சில நாள் அலுப்பு வரும்.

ஒருநாள் மகள் சீப்போடு என் முன்னால் வந்து குந்தினாள். "மெல்லமா இழுங்கோ அம்மா." நுனியிலிருந்து மெல்ல மெல்லச் சிக்கெடுத்தேன்.

நான் வெட்கப்பட்ட மறதியையே ஆண்டவர் வழியாக்கினார். என் மாதாவுக்கு நன்றி. சகோதரிகளே, மன்றாடுங்கள். அதோடு இரத்தத்தையும் சோதியுங்கள். உங்களை நீங்களே தண்டிக்காதீர்கள். இன்னும் எழுதலாம், ஆனால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது. மகள் ரிபனோடு வாசலில் நிற்கிறாள்.