முதல் ஆளாகப் போட்டுப் பார்க்கும் குமார்

கணினிச் செய்தி எழுதிப் பிழைக்கிறவனுக்கு எழுதுவது பெரிய வேலை இல்லை. எழுதியதற்குக் கீழே வருகிற கருத்துகளைக் கட்டி மேய்ப்பதுதான் வேலை. உங்களில் யாராவது ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக இருந்து அவஸ்தைப்பட்டிருந்தால் நான் சொல்வது முழுக்கப் புரியும். கூடுவாஞ்சேரியில் ஒரு அடுக்குமாடி வீட்டின் சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு தமிழ்த் தளத்துக்காகப் பத்து வருஷமாக இதைத்தான் செய்கிறேன். காலையில் நாலு செய்தி, மீதி நேரமெல்லாம் கருத்துகள்.

தளத்தை நடத்துகிற எங்கள் முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால், "பேசறதுக்கு ஆள் வரலன்னா இதை மூடிட்டுப் போயிடலாம்ப்பா" என்று மாதம் ஒரு முறையாவது சொல்லிவிடுவார். மூடினால் என் பிழைப்பும் போயிற்று. ஆகவே வாசகர்கள் என்ன படுத்தினாலும், அவர்கள் வந்தால்தான் எனக்குச் சோறு.

எந்தக் கடை?

ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் பல நாள் தாங்கும் பேட்டரி ஒன்றைப் பற்றி எழுதினேன். எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் முயற்சி நடக்கிறது, கைக்கு வர வருஷக் கணக்காகும் என்று மூன்று இடத்தில் சொல்லியிருந்தேன். வெளியான பத்தாவது நிமிஷம் மறைமலை நகரிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, கடைக்கு வரவில்லை என்று பொறுமையாக விளக்கினேன். குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாத்த. செங்கல்பட்டுல எந்தக் கடைல கீது, அத சொல்லு."

எட்டு மடங்கு

கல்பாக்கத்தில் வெங்கட்ராமன் என்று ஒரு வாசகர், அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர். என் செய்தியில் பிழை கண்டுபிடிப்பதை உத்தியோகம் போலச் செய்கிறவர். காலை ஆறரைக்கு அவர் பெயர் போனில் தெரிந்தால், எடுப்பதற்கு முன்பே முந்தின நாள் செய்தியைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் இணைய வேகம் பற்றிய செய்தியில் மெகாபிட் என்று போட வேண்டிய இடத்தில் மெகாபைட் என்று போட்டுவிட்டேன். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். அதாவது வேகத்தை எட்டு மடங்கு ஏற்றிவிட்டேன். "இதையெல்லாம் யார் சார் கவனிக்கப் போறாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நான் வேலை பார்த்த இடத்துல எட்டு மடங்கு தப்பு பண்ணியிருந்தா, மறுநாள் உங்களுக்கு அதுதான் தம்பி தலைப்புச் செய்தி."

ஈரக் கை

கடப்பாக்கத்து தேசப்பன் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். கருத்து எழுத மாட்டார், குரல் பதிவுதான் அனுப்புவார். டவரே இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் போன் வந்திருக்கிறது என்று நான் எழுதியபோது, மீனவர்களுக்கு இது வரப்பிரசாதம் என்று என் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தேன். நான் பார்த்த வெளிநாட்டுத் தளங்களில் விலை, எடை, கேமரா எல்லாம் அலசியிருந்தார்கள். தேசப்பன் கேட்ட கேள்வியை யாரும் கேட்கவில்லை: கை ஈரமாக இருந்தால் திரை வேலை செய்யுமா? நானும் தேடித் தேடிப் பார்த்தேன், பதில் கிடைக்கவில்லை. தெரியவில்லை அண்ணே என்று ஒப்புக்கொண்டேன். உடனே அடுத்த குரல் பதிவு வந்தது, பின்னால் அலைச் சத்தத்தோடு.

"கரையாண்ட இருக்கிற வரிக்கும் டவரு கிடைக்குது நைனா. கை காஞ்சிகினு இருக்கிறதுதான் எப்பவும் கிடைக்கறதில்ல."

போட்டாச்சு

எங்கள் வாசகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கணினிக்குப் புது அப்டேட் வந்திருக்கிறது, உடனே போடுங்கள் என்று நான் எழுதினால் ஒருவரும் போட மாட்டார்கள். யாராவது ஒரு புண்ணியவான் முதலில் போட்டுவிட்டு, கீழே "போட்டாச்சு, நல்லா ஓடுது" என்று எழுத வேண்டும். அதுவரை கருத்துப் பகுதி மயான அமைதி. அந்த ஒரு வரி விழுந்ததும் "இங்கயும் போட்டாச்சு", "நாவலூர்லயும் போட்டாச்சு" என்று வரிசை கட்டி வருவார்கள்.

சில நாள் அந்தப் புண்ணியவான் வரவே மாட்டார். முதலாளியோ சாயங்காலம் கருத்துகளை எண்ணுவார். அப்படி ஒரு நாள் பொறுக்க முடியாமல் குமார் என்ற பெயரில் நானே எழுதினேன்: "போட்டாச்சு, நல்லா ஓடுது." நான் எதையும் போடவில்லை, என் கணினி அதுபாட்டுக்குப் பழையபடி இருந்தது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மூன்று வருஷம் குமார்தான் எதையும் முதலில் போட்டார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. முதலாளியும் ஒரு நாள் கவனித்தார்.

"யாருப்பா அந்த குமார்? அவர் ஒரு வரி எழுதினா பின்னாடியே கூட்டம் வருது. அவரை மட்டும் விட்டுடாதே."

நாலு கணினி

அச்சரப்பாக்கத்தில் முருகேசன் என்பவர் கணினி மையம் வைத்திருக்கிறார். சான்றிதழ், பட்டா, பயிர்க் காப்பீடு என்று சுற்றுக் கிராமத்து விவசாயிகளுக்கு எல்லாம் அங்கேதான் விண்ணப்பம் போடுவது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு எனக்குப் போன் செய்தார். முதல் நாள் நான் எழுதிய அப்டேட்டைக் கடையின் நாலு கணினியிலும் போட்டுவிட்டாராம். நாலும் எழுந்து, அணைந்து, மறுபடி எழுந்து, மறுபடி அணைந்துகொண்டே இருக்கின்றனவாம். பயிர்க் காப்பீட்டுக்குப் பதிய அன்றுதான் கடைசி நாள். இருபது பேர் வி.ஏ.ஓ. எழுதிக் கொடுத்த பயிர் அடங்கலும் கையுமாக வாசலில் நிற்கிறார்கள். பதியாமல் போய், அடுத்த மழையில் நெல் மூழ்கினால் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

போனிலேயே வழி சொல்லிப் பார்த்தேன். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று சொல்வதற்குள் கணினி அணைந்துவிடும். "ஏன் ஒரே நேரத்துல நாலுலயும் போட்டீங்க?" என்று கொஞ்சம் சிடுசிடுத்தேன். என் தவறை மறைக்கத்தான் அந்தச் சிடுசிடுப்பு என்பது எனக்கே தெரிந்தது. அவர் கோபப்படவில்லை.

"குமார் சார் போட்டாச்சுன்னு எழுதினாரே அண்ணாத்த. அவரு நம்பர் இருந்தா குடு, அவருக்கு மட்டும் எப்டி ஓடிக்கினு கீதுன்னு கேக்கணும்."

நேரில்

பைக்கை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் கிளம்பினேன். மதுராந்தகத்தில் நிறுத்தி வெங்கட்ராமன் சாருக்குப் போன் செய்து, நான் நினைத்திருந்த வழி சரியா என்று கேட்டுக்கொண்டேன். மாற்றாமல் போனால் கோப்புகளும் அழியும் என்று ஒரு படியைத் திருத்தினார். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. வாசலில் நின்றவர்கள் என்னைப் பெரிய டாக்டர் வந்த மாதிரி வழிவிட்டு உள்ளே அனுப்பியதுதான் தாங்கவில்லை. முதல் கணினியில் அப்டேட்டை நீக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அது எழுந்து அப்படியே நின்றது. முருகேசன் உடனே அதில் உட்கார்ந்து பதிய ஆரம்பித்தார். நான் அடுத்ததைப் பிடித்தேன். நாலாவது எழுந்தபோது மூன்றரை. காத்திருந்து திரும்பிப் போய்விட்ட இரண்டு பேரையும் முருகேசன் போன் செய்து வரவழைத்து, ஆறு மணிக்குக் கடைசி ஆளுக்கும் ரசீது கொடுத்தார்.

எனக்கும் சேர்த்து டீ வரவழைத்தார். தளத்தில் எல்லாருக்கும் எழுதத்தான் போகிறேன், ஆனால் இவரிடம் நேரில் சொல்வதுதான் முறை என்று தோன்றியது. "குமார்னு யாரும் இல்லீங்க. நான்தான். எதையும் போட்டுப் பார்க்காமலே எழுதினேன். மன்னிச்சுடுங்க" என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். திட்டுவார், நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்று நின்றேன். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"உன் நியூஸ நான் ஒரு நாளும் நம்பினதில்ல அண்ணாத்த. எழுதறவனுக்கு இன்னா, எழுதிட்டுப் பூடுவான். அந்த குமார மட்டுந்தான் நம்பிக்கினு இருந்தேன்."

ஆக, பத்து வருஷத்தில் எங்கள் தளத்தில் வாசகர்கள் முழுசாக நம்பியது ஒரே ஒரு ஆளைத்தான், அந்த ஆளையும் நானே வேலையை விட்டு அனுப்ப வேண்டியதாகிவிட்டது.