ஹாலில் வைத்த கம்ப்யூட்டர்

2003ஆம் ஆண்டு, ஆயுத பூஜைக்கு முந்தைய சனிக்கிழமை. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் மாடியில் நானும் என் கணவரும் அவருடைய தம்பியும் நின்றிருந்தோம். கம்ப்யூட்டர் என் வேலைக்காக. பணமும் என்னுடையது, பழைய கம்பெனியை மூடியபோது கைக்கு வந்த பி.எஃப். பணம்.

அந்தக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். நாற்பதைத் தாண்டியவளுக்கு வேறு எங்கும் டைப்பிஸ்ட் வேலை கிடைக்கவில்லை. அப்போது பெங்களூரில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று ஒரு வேலை புதிதாகப் பரவியிருந்தது. அமெரிக்க டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டுக் கேட்டு டைப் செய்ய வேண்டும். ஒலியை நிறுத்தவும் ஓடவிடவும் காலடியில் ஒரு பெடல் இருக்கும். நான் பயிற்சி எடுத்துத் தேறினேன். கோரமங்களாவில் ஒரு சிறிய ஏஜென்சி எனக்கு வீட்டு வேலை தர ஒப்புக்கொண்டது. காலையில் போய் சி.டி. வாங்கி வர வேண்டும், மறுநாள் காலை டைப் செய்ததை பிளாப்பியில் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் தாமதமில்லாமல் கொடுத்தால் ஆபீஸிலேயே மற்றவர்கள் டைப் செய்ததைத் திருத்துபவராக மாதச் சம்பளத்தில் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு வேண்டியது அந்த நாற்காலிதான்.

எதை வாங்கினாலும், குக்கராக இருந்தாலும், முன்கூட்டியே டைரியில் எழுதிப் பார்ப்பது என் வழக்கம். இடது பக்கம் டெஸ்க்டாப், வலது பக்கம் லேப்டாப் என்று எழுதினேன். டெஸ்க்டாப்பில் திரை பெரியது, கீபோர்டு விரலுக்கு வசதி, விலை குறைவு, ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். லேப்டாப்பில் கரண்ட் போனாலும் இரண்டு மணி நேரம் ஓடும், கையில் எடுத்துக்கொண்டு போகலாம். கணக்குப்படி டெஸ்க்டாப்தான் ஜெயித்தது. ஆனாலும் மனசு லேப்டாப் பக்கமே போனது. தொம்மலூரில் எங்கள் வீட்டில் ஒரு ஹாலும் இரண்டு அறைகளும். மாமியார், கொழுந்தனார், பிள்ளைகள் எல்லோருமாக ஏழு பேர் இருந்தோம். கதவைச் சாத்திக்கொண்டு டைப் செய்ய ஒரு பொருள் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதை ஒரு காரணமாக டைரியில் எழுதக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.

கடைக்காரர் இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு, எல்லோரிடமும் கேட்பதுபோல் கேட்டார். "யார் யூஸ் பண்றதுக்கு சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தனார், "வீட்ல எல்லாரும்தான்" என்றார்.

"அப்போ டெஸ்க்டாப்தான் சார். யோசிக்கவே வேணாம்."

கொழுந்தனார் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். வயர் உள்ள எந்தப் பொருளுக்கும் எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் முடிவு. நான் மெதுவாக லேப்டாப் பக்கம் கையைக் காட்டினேன். "அண்ணி, அது ஊர் சுத்தற சேல்ஸ்காரனுக்கு. நீங்க வீட்லயேதானே இருப்பீங்க? சும்னே வீணா எதுக்கு அவ்வளவு காசு?" என்றார். கணவரைப் பார்த்தேன். "தம்பி சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்" என்றார் அவர். அவருடைய தீர்ப்பு எப்போதும் அப்படித்தான் இருக்கும். டெஸ்க்டாப் ஆட்டோவில் ஏறியது.

அதை எங்கே வைப்பது என்று யாரும் பேசவேயில்லை. டி.வி.க்குப் பக்கத்தில் ஹாலில் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. ஆயுத பூஜையன்று மாமியார் மானிட்டரின் நெற்றியில் சந்தனம் குழைத்துப் பெரிய பொட்டாக வைத்து, நடுவில் குங்குமம் இட்டார். வந்தவர்களுக்கெல்லாம், "நம்ம வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கு" என்று காட்டினார். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு அன்று ஒன்றுமில்லை.

டி.வி. சீரியலில் ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள். என் காதில் ஒரு டாக்டர் யாருடைய சிறுநீரகத்தைப் பற்றியோ வேகமாகப் பேசிக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டு அம்மாள் என் காலைப் பார்த்து, "தையல் மிஷின் மாதிரி மிதிக்கறாளே, என்ன தைக்கறா?" என்பார். "அமெரிக்காகாரன் வயித்தைத் தைக்கறா" என்பார் மாமியார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இரவு சாப்பாட்டுக்குப் பின் கொழுந்தனார் உட்கார்ந்தால் கார் ரேஸ் விளையாட்டு. என் பெடலை எப்படியோ அந்த விளையாட்டுக்கு ஆக்சிலரேட்டராக மாற்றி வைத்திருந்தார். "அண்ணி, ஒரே ஒரு ரவுண்டு" என்பார். அவர் எழுந்த பிறகுதான் மீதிக் கோப்புகளை முடிப்பேன். இருந்தாலும் ஏஜென்சிக்கு ஒரு நாள்கூடத் தாமதமாகக் கொடுத்ததில்லை.

மறு வருடம் மாசி மாதம் ஈஜிபுராவில் தனியாக இருந்த என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஆபரேஷன் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எழுந்து நடக்க இரண்டு மாதமாவது ஆகும் என்றார்கள், அதுவரை நான்தான் அங்கே தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவின் வீடு ஒரே அறைதான். ஆனால் ஒரு மேஜை போட இடம் உண்டு. கோரமங்களாவும் அங்கிருந்து நடக்கும் தூரம். கம்ப்யூட்டர் மட்டும் அங்கே இருந்தால் வேலைக்கு ஒரு குறையும் வராது.

அன்று சாயங்காலம் தொம்மலூருக்குப் போய், "இரண்டு மாசத்துக்கு கம்ப்யூட்டரை அம்மா வீட்ல வச்சுக்கறேன்" என்று சொன்னேன்.

மாமியார் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, பொட்டு வச்ச பொருளை வாசல் தாண்ட விடுவாங்களா? லட்சுமி போறாப்ல ஆயிடும்மா" என்றார்.

"சரிங்க அத்தை, நாளைக்கு எடுத்துக்கறேன்."

"நாளைக்கு மட்டும் ஆகுமா? பூஜையில வச்சது வச்சதுதான்."

கொழுந்தனார் தன் பக்கத்துக் காரணத்தைச் சொன்னார். "அண்ணி, இதைக் கழட்டி ஆட்டோல போட்டா ஹார்டு டிஸ்க் போயிடும். அப்புறம் யாருக்கும் உதவாது. நீங்க தெனம் இங்க வந்து அடிச்சிட்டுப் போங்களேன், பக்கம்தானே?" ஆறு மாதத்துக்கு முன்னால் இதே பெட்டி எஸ்.பி. ரோட்டிலிருந்து ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு வந்ததை நான் சொல்லவில்லை. என் கணவர் பேப்பரை மடித்தார், மறுபடி விரித்தார்.

கொழுந்தனார் சொன்னபடியே முயன்று பார்த்தேன். அம்மாவுக்கு மதியச் சாப்பாடு கொடுத்து, பெட்பேன் வைத்து எடுத்து, பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடி வருவேன். ஹாலில் விருந்தாளி இருப்பார்கள், அல்லது கரண்ட் இருக்காது. ஒரு நாள் நான் இல்லாத நேரத்தில் அம்மா தானாக எழ முயன்று மறுபடி விழப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரைத் தனியே விடத் துணிவில்லை. முதல் தாமதத்தை ஏஜென்சி மேடம் பொறுத்துக்கொண்டார். இரண்டாவதற்கு எச்சரித்தார். மூன்றாவது முறை உட்காரச் சொன்னார்.

"வீட்டுல கம்ப்யூட்டர் இருக்குன்னுதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"இருக்கு மேடம். அது இருக்கற வீட்டுல நான் இல்ல."

அவர் என் பெயர் இருந்த ரிஜிஸ்டரை மூடினார். "ஒரு லேப்டாப் வாங்கியிருக்கலாமே?" என்றார். இரக்கத்தோடுதான் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. ஏஜென்சி தந்திருந்த பெடலை அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்தேன். எனக்குப் பிறகு சேர்ந்த ஒரு பெண் அந்த வருடமே திருத்துபவர் நாற்காலியில் உட்கார்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அம்மா நடக்க ஆரம்பித்ததும் தொம்மலூர் திரும்பினேன். "இப்ப ஃப்ரீதானே அண்ணி, தாராளமா யூஸ் பண்ணுங்க" என்றார் கொழுந்தனார். நான் அதன் முன்னால் உட்காரவேயில்லை.

இதெல்லாம் ஒரு வீட்டில் நடக்கிற சாதாரண விஷயம் என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் அடுத்த வருடம் கொழுந்தனார் பதவி உயர்வு வந்ததும் தனக்கென்று ஒரு லேப்டாப் வாங்கினார். அது ஹாலுக்கு வரவில்லை. அவர் அறையில் ஜிப் போட்ட பையில் இருந்தது. அந்த வருட ஆயுத பூஜையில் அதற்கும் பொட்டு வைத்தார்கள், மறுநாள் காலை அது பொட்டோடு ஆபீஸுக்குப் போயிற்று. தொட வந்த பிள்ளைகளை மாமியார், "அது அவன் வேலை செய்யற சாமான், கை வைக்கக் கூடாது" என்று அதட்டினார். சமையலறையில் பருப்பைக் கடைந்துகொண்டே அதைக் கேட்டேன். அன்று டைரியில் தேதிக்குக் கீழே அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதினேன்.

பிறகு நாங்கள் பொம்மனஹள்ளிக்குத் தனிக்குடித்தனம் போனோம். அங்கே ஒரு கார்மெண்ட்ஸ் ஆபீஸில் பில் அடிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது, இன்றும் அதுதான். சில வருடங்கள் கழித்துக் கொழுந்தனார் போன் செய்தார். "அண்ணி, உங்க கம்ப்யூட்டர் ஆன் ஆகாம இடத்தை அடைச்சிட்டுக் கிடக்கு. வந்து எடுத்துக்கறீங்களா? ஹாலுக்குப் புது சோபா வருது."

போனேன். அதைக் கழற்றித் தயாராக வாசல் ஓரத்தில் வைத்திருந்தார்கள். மானிட்டரின் நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்து, குங்குமக் கறை மட்டும் மிச்சம் இருந்தது. மாமியார் காபி கொடுத்தார், என் அம்மாவின் உடம்பை விசாரித்தார். ஆட்டோக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். உள்ளே சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வழியிலேயே பழைய சாமான் கடையில் அதை இறக்கிவிட்டேன். இப்போது ஆபீஸில் பெண்கள் யாராவது டெஸ்க்டாப் நல்லதா லேப்டாப் நல்லதா என்று கேட்டால், திரையைப் பற்றியோ விலையைப் பற்றியோ நான் பேசுவதில்லை. யார் உபயோகிக்கப் போகிறார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவர் முந்திக்கொண்டு சொல்லும் பதிலைக் காதில் வாங்காமல், அவள் வாய் திறக்கும்வரை காத்திருக்கிறேன்.