தட்டி நிமிர்த்திய புரதம்

பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு பித்தளைக் கம்பி. வளைவு நெளிவு எல்லாம் போக நேராக்கி, அழகாகச் சுருட்டிச் சணலால் கட்டியிருந்தார்கள். துணி காயப்போடக் கொடி கட்டலாம்.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆசிரியையாக இருந்தேன். வலையில் சிக்கும் கடல்பாம்பின் விஷத்திலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து ஐரோப்பிய ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்புவேன். அவர்கள் அதைப் படிகமாக்கி, எக்ஸ்ரே வழியே வடிவம் பார்ப்பார்கள். புரதம் ஒரு நீளச் சங்கிலி. அது மடிந்திருக்கும் விதத்தில்தான் அதன் வேலையே இருக்கிறது. நான் அந்த மடிப்பைக் குலைத்துப் பார்த்தேன். விஷம் சாதுவாகிவிட்டது; ஊசி போட்ட தவளை சாகவில்லை. சும்மா விட்டு வைத்தேன். தானாகவே மடிந்து, மறுபடியும் தவளையைக் கொன்றது. சங்கிலி எங்கெங்கே தன்னோடு பிணைந்திருக்கிறது என்பதையும் கண்டுபிடித்து அவர்களுக்குச் சொன்னேன். அது சரியா என்று நான் ஒப்பிட்டுப் பார்க்கத்தான், எக்ஸ்ரேயில் தெரிந்த மடிப்பை அப்படியே கம்பியில் வளைத்துக் கப்பலில் அனுப்பியிருந்தார்கள். சரியாக இருந்தால் கட்டுரையில் என் பெயரும் வரும் என்பது பேச்சு.

பெட்டியைத் துறைமுகத்தில் எடுத்துக்கொடுத்த கிளியரிங் ஆபீஸ் கிளார்க்கை வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

“கப்பல்ல வரும்போது நசுங்கிட்டுன்னுல்லா நெனச்சேன் டீச்சர். பாவம், காலேஜ் சாமானாச்சேன்னு மதியம் பூரா உக்காந்து தட்டி நிமித்துனேன்.”

“அந்த வளைவுதான்யா சரக்கே! வெறுங்கம்பி எனக்கு எதுக்கு?”

மறுநாள் மனைவியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். “மாதா சத்தியமா தெரியாது டீச்சர். தப்பு என் மேலதான்னு கம்பி அனுப்புனவியளுக்கு நானே வேணாலும் எழுதிக் குடுக்கேன்.” என் கோபம் தணியவில்லை. ஆனாலும் காபி போட்டுக் கொடுத்தேன்.

நடந்ததை எழுதி வேறொரு கம்பி கேட்டேன். பதிலே இல்லை.

அடுத்த வருஷம் சென்னையில் ஒரு கருத்தரங்கு. அந்த ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் பேச வந்திருந்தார். தன் புரதத்தைத் தூத்துக்குடியில் சுத்தியலால் தட்டி நிமிர்த்திய கதையோடுதான் ஆரம்பித்தார். அரங்கமே குலுங்கியது. நம்மவர்கள்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு திரையில் அச்சான கட்டுரை வந்தது. பிணைப்புகள் நான் சொன்ன அதே இடங்களில் இருந்தன. என் தவளைகளும் இருந்தன. என் பெயரை மட்டும் காணோம். கடைசியில் தூத்துக்குடி மீனவர்களுக்கு ஒரு வரி நன்றி. தாராளமாகச் சொல்லட்டும். ஆனால் பிணைப்பைக் கண்டுபிடித்தது வலையா?

கேள்வி நேரத்தில் எழுந்து ஆங்கிலத்திலேயே கேட்டேன். “அந்தக் கம்பியை நிமிர்த்தியவர் தெரியாமல் செய்தார். மறுநாளே என் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். என் பெயரை எடுத்தவர் எப்போது வருவார்?”

மேடையிலிருந்த தலைவர், நம் ஊர்க்காரர்தான், தமிழில் மெதுவாகச் சொன்னார்: “உட்காருங்கம்மா. விருந்தாளி மனசு கஷ்டப்படும்.”

நான் உட்காரவில்லை.